ரோமானிய நகரம் எப்படி மாறுச்சு? காசு யாரு போட்டாங்கன்னு பாத்தா புரியும்

ரோமானியப் பேரரசுன்னதும் பேரரசர், படை, போர்தான் மனசுல வரும். ஆனா அந்த நாட்டை நாள்தோறும் ஓட்டினது நகரங்கள்தான். பிரிட்டன்ல இருந்து சிரியா, எகிப்து வரைக்கும் சின்னதும் பெருசுமா ஆயிரத்துக்கும் மேல நகரங்கள், ஒவ்வொண்ணோட கணக்குலயும் சுத்துப்பட்டு கிராமங்கள், வரி வசூலிக்கறது, ரோடு போடறது, குளியல்கூடத்துக்கு விறகு வாங்கறது, சின்னச் சின்ன வழக்கு தீர்க்கறதுன்னு எல்லாத்தையும் அந்தந்த ஊர்க் கவுன்சிலே பாத்துக்கும். மேலிடத்துல இருந்து அனுப்பற அதிகாரிங்க ரொம்ப ரொம்ப கம்மி. அதனால நகரம் மாறுச்சுன்னா நாடே மாறிடுச்சுன்னுதான் அர்த்தம். கி.பி. 476ல கடைசி மேற்குப் பேரரசரை இறக்கிவிட்ட கதையை விட எனக்கு இதுதான் முக்கியமா படுது, ஏன்னா சாதாரண ஜனங்க வாழ்க்கைல நிஜமா தட்டுப்பட்ட மாற்றம் இதுதான்.

இங்க நான் சொல்லப்போற காலம் தோராயமா 250ல இருந்து 650 வரைக்கும், அதாவது 400 வருஷம். இவ்ளோ நீளமான காலத்தை வீழ்ச்சின்னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சா ஒண்ணும் புரியாது. ஒரே ஒரு கேள்வியை கைல வெச்சுக்கிட்டு பாப்போம்: ஊர்ல ஒரு மண்டபம் இடிஞ்சா, தண்ணிக் கால்வாய் ஒடஞ்சா, ரிப்பேர் பண்ண காசு யாரு போடுவாங்க? இதுக்கு பதில் மாற மாற ஊரோட முகமும் மாறிட்டே வரும்.

முன்னாடி எப்படி இருந்துச்சு

முதல் ரெண்டு நூற்றாண்டுல பதில் சுலபம், ஊர்ப் பணக்காரங்க. கவுன்சில்ல உக்காரணும்னா சொத்து இருக்கணும், சம்பளம் கிடையாது, பல ஊர்ல பதவி ஏத்துக்கும்போது கைக்காசு வேற கட்டணும். அது போக தியேட்டர் கட்டறது, விழா நடத்தறது, எண்ணெய் குடுக்கறது, பந்தி போடறதுன்னு செலவு. பதிலுக்கு ஊர் அவங்களுக்கு சிலை வெக்கும், கல்வெட்டுல பேர் பொறிக்கும். நம்ம கோயில் ட்யூப்லைட்ல "உபயம்"னு பேர் எழுதிருக்கும் இல்லையா, அந்த மாதிரி ஒரு ஊர் முழுக்க, குழாயில இருந்து கொலுமண்டபம் வரைக்கும் உபயம்தான்னு நெனச்சுக்கோங்க. இளைய பிளினிங்கற செனட்டர் தன் சொந்த ஊரான கோமோவுக்கு லைப்ரரி கட்டிக்குடுத்தார் (பத்து லட்சம் செஸ்டர்ஸ், அதாவது அந்தக் கால ரோமானியக் காசு, ஆகியிருக்கும்னு மதிப்பிடறாங்க), அதை பராமரிக்க தனியா ஒரு லட்சம் ஒதுக்கினார், குளியல்கூடத்துக்கும் பணம் எழுதி வெச்சார். அதே பிளினி வட துருக்கிப் பக்கம் ஆளுநரா போனப்ப நிகோமீடியா நகரம் 33 லட்சத்து 18 ஆயிரம் செஸ்டர்ஸ் கொட்டி ஒரு நீர்க்கால்வாய் ஆரம்பிச்சு பாதியில விட்டுட்டதா பேரரசர் டிராஜனுக்கு லெட்டர் எழுதறார். ஒரு ஊரை மிஞ்சணும்னு இன்னொரு ஊர் வேகமா கட்டிட்டே இருந்த காலம் அது. இன்னைக்கு டூரிஸ்ட் போட்டோல நாம பாக்கற பெரிய தூண், வளைவு, தியேட்டர் எல்லாம் பெரும்பாலும் அந்தப் போட்டியில வந்ததுதான்.

இன்னொரு விஷயம் கவனிக்கணும். இந்தக் கொடை எல்லாம் ஏழைக்குன்னு குடுத்தது இல்ல, "ஊர்க்காரனுக்கு"ன்னு குடுத்தது. லிஸ்ட்ல பேர் இருந்தா வசதியானவனுக்கும் பங்கு உண்டு, பேர் இல்லாத பிச்சைக்காரனுக்கு கிடையாது. இது பின்னாடி எப்படி திரும்புதுன்னு பாப்போம்.

காசு காலியாச்சு, மதில் எழும்புச்சு

235ல இருந்து 284 வரைக்கும் அம்பது வருஷத்துல இருபதுக்கும் மேல பேரரசர்கள். எல்லையில் ஒரு பக்கம் பாரசீகம், இன்னொரு பக்கம் ஜெர்மானியக் கூட்டங்கள், உள்ளுக்குள்ள தளபதிங்க சண்டை. படைக்கு சம்பளம் குடுக்க நாணயத்துல வெள்ளியை குறைச்சுக்கிட்டே வந்தாங்க, 270 வாக்குல வெள்ளிக் காசுங்கறது வெள்ளி பூசின செப்புக் காசுதான். இதோட அடி ஊர்ல எப்படி விழுந்துச்சுன்னா, முன்னோர்கள் வட்டிக்கு விட்டு வெச்சிட்டுப்போன அறக்கட்டளைப் பணம், அதுல வர்ற வட்டியிலதான் வருஷா வருஷம் விழா, பந்தி, ரிப்பேர் எல்லாம் நடந்துச்சு, விலைவாசி ஏறினதும் அந்தப் பணத்துக்கு மதிப்பே இல்லாம போச்சு. புது உபயமும் குறைஞ்சுது. கல்வெட்டு வெட்டற பழக்கமே பல மாகாணத்துல படிப்படியா நின்னு போச்சு, ஆப்பிரிக்கா மாதிரி சில இடத்துல மட்டும் 4ஆம் நூற்றாண்டுலயும் தொடர்ந்துச்சு.

இந்த சமயத்துலதான் மதில் வருது. முன்னாடி உள்நாட்டு ஊர் நிறைய மதிலே இல்லாம, இல்லன்னா அலங்காரத்துக்கு ஒரு மதிலோட, நிம்மதியா பரந்து கிடந்துச்சு. ரோம் நகரமே பழைய மதிலை தாண்டி பல நூற்றாண்டா வளர்ந்திருந்துச்சு. 271ல பேரரசர் ஆரேலியன் சுமார் 19 கிலோமீட்டர் நீளத்துக்கு புது மதில் கட்ட ஆரம்பிச்சார். ஏதென்ஸை 267ல ஹெருலிங்கற கூட்டம் சூறையாடுச்சு, அப்புறம் அங்க கட்டின மதில் பழைய ஊர்ல ஒரு சின்னத் துண்டை மட்டும் வளைச்சுக்கிட்டுது, பழைய சந்தை மைதானம் வெளியில போச்சு, மதிலுக்கு கல் எங்க இருந்துன்னா இடிஞ்ச கட்டடங்கள்ல இருந்துதான். தூண் துண்டு, கல்வெட்டு, சிலை பீடம் எல்லாம் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கும். பிரான்ஸ்ல தூர் நகரத்துல அந்த ஊர் ஆம்ஃபிதியேட்டரையே (சண்டை, வேட்டை காட்டற வட்டமான அரங்கம்) மதிலோட ஒரு பாகமா சேத்துக்கிட்டாங்க. ஆனா இதையெல்லாம் பதறிப்போய் கட்டினதுன்னு நெனச்சுடக்கூடாது, பல மதில்கள் ரொம்ப நேர்த்தியா, நிதானமா கட்டினது. தன்னோட ஊருக்கு மதில் இருக்கறதே ஒரு கௌரவமா ஆன காலம் அது.

கவுன்சிலர் பதவி சுமையான கதை

என்னைக் கேட்டா மொத்த மாற்றத்துக்கும் அச்சாணி இந்த இடம்தான். 284ல ஆட்சிக்கு வந்த டயோக்ளீஷியன் நாட்டை திரும்ப நிமித்தினார், மாகாணங்களை ரெண்டு மடங்கு ஆக்கினார், படையைப் பெருக்கினார், அதுக்கெல்லாம் வரி வேணும்னு நிலம், தலை ரெண்டையும் கணக்கெடுத்து புது முறை கொண்டு வந்தார். வசூல் பண்ற வேலை பழையபடி ஊர்க் கவுன்சிலுக்குத்தான். பாக்கி விழுந்தா கவுன்சிலர் தன் சொத்துல இருந்து ஈடு கட்டணும். இதுக்கு மேல நகரத்துக்குன்னு இருந்த நிலம், சுங்க வருமானம் இதுல பெரும்பகுதியை 4ஆம் நூற்றாண்டுல பேரரசு எடுத்துக்கிச்சு. பேரரசர் ஜூலியன் 362 வாக்குல திருப்பிக் குடுத்தார், அவர் ஒரு வருஷத்துலயே போர்ல செத்துட்டார், அப்புறம் மறுபடி எடுத்துக்கிட்டு கடைசியில மூணுல ஒரு பங்கை மட்டும் மதில், கட்டட ரிப்பேருக்குன்னு விட்டாங்க.

அப்ப கவுன்சிலர் என்ன பண்ணுவான்? முன்னாடி அந்த நாற்காலிக்கு போட்டி போட்டவன் பையன் இப்ப அதுல இருந்து தப்பிக்க வழி தேடறான். பேரரசு உத்தியோகத்துக்குப் போனா விலக்கு, செனட்டரா ஆனா விலக்கு, படையில சேர்ந்தா விலக்கு, பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துல இருந்து பாதிரியார் ஆனாலும் விலக்கு. அரசாங்கம் ஓட்டைகளை அடைக்க சட்டம் மேல சட்டம் போட்டுச்சு, அப்பன் கவுன்சிலர்னா மகனும் கவுன்சிலர்தான், ஊரை விட்டுப் போகக்கூடாது, சொத்தை விக்க அனுமதி வேணும்னு. 438ல தொகுத்த தியோடோசியஸ் சட்டத்தொகுப்புல கவுன்சிலர்களைப் பத்தி ஒரே தலைப்புக்குக் கீழ 192 சட்டம் இருக்கு. இத்தனை தடவை சொல்ல வேண்டி வந்துச்சுன்னாலே யாரும் கேக்கலைன்னுதான் தெரியுது. சிரியாப் பக்கத்துப் பெரிய நகரமான அந்தியோகியாவோட பேச்சாளர் லிபானியஸ், முன்னாடி 600 பேர் இருந்த எங்க கவுன்சில்ல இப்ப 60 பேர் கூட இல்லைன்னு புலம்பறார்.

எல்லா பணக்காரனும் ஏழையாயிட்டான்னு இதுக்கு அர்த்தம் இல்ல. பெரிய மீன்கள் எல்லாம் பேரரசு உத்தியோகத்துக்குப் போய் இன்னும் பெரிய ஆளாச்சு, மாட்டிக்கிட்டது நடுத்தரக் கவுன்சிலர்கள். எகிப்துல ஆக்ஸிரிங்கஸ் ஊர்ல கிடைச்ச பாப்பிரஸ் தாள்கள்ல 6ஆம் நூற்றாண்டு ஆப்பியன் குடும்பத்தோட கணக்கு நிறைய இருக்கு, அந்த ஒரே வீடு எஸ்டேட் பாக்குது, வரி கட்டுது, தேர்ப்பந்தயத்துக்கு செலவு பண்ணுது. பல நூறு பேர் பங்கு போட்டுக்கிட்ட வேலை, ஆளுநர், பிஷப், ரெண்டு மூணு பெரிய நிலச்சுவான்தார்னு ஒரு கைப்பிடி ஆளுங்க கைக்கு வந்துருச்சு. கட்டடக் கல்வெட்டுலயும் இப்ப ஊர்க்காரன் பேரை விட ஆளுநர் பேர்தான் அதிகம் வருது. காசு பேரரசு வழியா சுத்திட்டு வர்றதால பேரரசுக்கு எந்த ஊர் வேணுமோ அந்த ஊருக்குத்தான் வரும். ட்ரியர், மிலான், சிர்மியம், அந்தியோகியா, நிகோமீடியா இதெல்லாம் அரண்மனை, படை வந்ததால பளபளத்துச்சு. எல்லாத்துக்கும் மேல கான்ஸ்டான்டிநோபிள், 330 மே 11ல திறப்பு விழா, 332ல இருந்து எகிப்து தானியம் கப்பல் கப்பலா வந்து தினம் 80,000 ரேஷன் ரொட்டி. பக்கத்துல மலைக்கு அந்தப் பக்கம் இருக்கற சின்ன ஊர் தியேட்டர் கூரை விழுந்தா எடுத்து வெக்க ஆள் இல்ல.

பிஷப் வந்தார்

காசு யாரு போடுவாங்கங்கற கேள்விக்கு புது பதில் சர்ச். 313ல கிறிஸ்தவ மதத்துக்கு அனுமதி கிடைச்சதுக்கு அப்புறம் சர்ச்சுக்கு சொத்து எழுதி வெக்கறது சட்டப்படி சுலபமாச்சு, பணக்காரங்க தியேட்டருக்கு குடுத்துட்டு இருந்ததை கொஞ்சம் கொஞ்சமா சர்ச்சுக்கு, மடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு குடுக்க ஆரம்பிச்சாங்க. குடுத்த இடம் மட்டும் மாறல, யாருக்காக குடுத்தாங்கங்கறதும் மாறுச்சு. நான் மேல சொன்னேன் இல்ல, பழைய கொடை ஊர்க்காரனுக்கு. புதுக்கொடை ஏழைக்கு, விதவைக்கு, அநாதைக்கு, நோயாளிக்கு, வெளியூர்ல இருந்து வந்து நிக்கறவனுக்கு. அந்தியோகியா சர்ச் லிஸ்ட்ல மட்டும் 3,000 விதவைகளும் கன்னிகளும் இருக்காங்கன்னு அந்த ஊர்ப் பாதிரியார் ஜான் கிறிசோஸ்டம் பிரசங்கத்துல சொல்றார். இன்னைக்கு துருக்கியில இருக்கற கப்படோசியாவுல செசரேயா ஊர்ல பிஷப் பேசில் 370 வாக்குல ஊருக்கு வெளியில ஒரு பெரிய வளாகமே கட்டினார், நோயாளிக்கு டாக்டர், தொழுநோயாளிக்கு இடம், வழிப்போக்கனுக்கு தங்கல். அதுவரைக்கும் தூண் நிழல்ல படுத்துக்கிடந்த ஏழை ஊரோட கணக்குலயே வராத ஆளு, அவன் முதல்முறையா கணக்குல வர்றான். இந்தக் காலத்தை வெறும் நஷ்டக் கணக்கா எழுதறவங்க இதை விட்டுடறது எனக்கு வருத்தமா இருக்கும்.

பிஷப் எவ்வளவு பெரிய ஆளா ஆனார்னு தெரிஞ்சுக்க 387ல அந்தியோகியாவுல நடந்த கலவரத்தை பாருங்க. புது வரி ஒண்ணு அறிவிச்சாங்க, ஜனங்க கொதிச்சுப்போய் பேரரசர் தியோடோசியஸ் குடும்பத்தோட சிலைகளை இழுத்துப்போட்டு ஒடச்சாங்க. அது ராஜதுரோகம். ஊரே நடுங்குது, பாதிப்பேர் ஓடிட்டாங்க, கவுன்சிலர்களை பிடிச்சு உள்ள போட்டாச்சு, குளியல்கூடம், தியேட்டர், பந்தய மைதானம் எல்லாத்தையும் மூடி அந்தியோகியாவோட தலைநகர் அந்தஸ்தையும் பறிச்சுட்டாங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடின்னா கவுன்சில்ல இருந்து ஒரு தூதுக்குழு பேரரசர்கிட்ட போயிருக்கும். இந்தத் தடவை போனது வயசான பிஷப் ஃப்ளேவியன். மலையில இருந்து துறவிங்க இறங்கி வந்து விசாரணை அதிகாரிங்ககிட்ட மன்றாடினாங்க. ஈஸ்டர் நேரத்துக்கு மன்னிப்போட பிஷப் திரும்பி வந்தார். லிபானியஸும் பேரரசருக்கு உருக்கமா உரை எழுதினார்தான், ஆனா ஊர் ஜனங்க கண்ணுல ஊரைக் காப்பாத்தினது பிஷப்.

இது ஊரோட அமைப்பையும் புரட்டிப்போட்டுச்சு. ரோமானிய வழக்கப்படி செத்தவங்களை ஊருக்குள்ள புதைக்கவே கூடாது, ரோமோட ரொம்பப் பழைய சட்டமான பன்னிரண்டு பலகைச் சட்டத்துல இருந்தே அப்படித்தான், அதனால கல்லறை எல்லாம் ஊருக்கு வெளியில ரோட்டோரம். கிறிஸ்தவங்களுக்கு தியாகிகளோட கல்லறை புனிதமான இடம், அதுக்கு மேலயே சர்ச் எழும்புச்சு. ரோம்ல புனித பேதுரு பேராலயம் மதிலுக்கு வெளியில வாத்திகன் இடுகாட்டு மேல வந்தது இப்படித்தான். பின்னாடி அந்த எலும்புகள் ஊருக்குள்ள வந்துச்சு, பின்னாலயே சாதாரணக் கல்லறைகளும் வந்துச்சு. இருக்கறவங்களும் செத்தவங்களும் ஒரே மதிலுக்குள்ள இருக்கறது அதுவரைக்கும் அவங்க நெனச்சே பாக்காத ஒண்ணு. துருக்கியில அஃப்ரோடிசியாஸ் ஊர்ல 500 வாக்குல அஃப்ரோடைட்டி கோயில் தூண்களை கழட்டி, வரிசை மாத்தி நட்டு, வெளியில இருந்ததை உள்ளே ஆக்கி சர்ச்சா மாத்தினாங்க. அந்தக் கல் இன்னைக்கும் அங்க நிக்குது.

தெரு, கடை, குளியல்

இனி நம்ம ரோட்டுல இறங்கி நடக்கலாம், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். கிழக்கு மாகாண நகரங்கள்ல நடுவுல அகலமான ரோடு, ரெண்டு பக்கமும் தூண் வரிசை, கூரை போட்ட நடைபாதை, அதுக்குப் பின்னாடி கடைகள். சிரியாவுல அபமேயா ஊர்ல இந்த மாதிரி ரோடு சுமார் 2 கிலோமீட்டர். அந்தியோகியாவுல ராத்திரியெல்லாம் விளக்கு எரியும், பகல் மாதிரி இருக்கும்னு அந்தக் கால வரலாற்று ஆசிரியர் ஆம்மியானஸ் எழுதறார். இந்த நடைபாதையில தூணுக்கும் தூணுக்கும் நடுவுல ஒருத்தன் பலகை போட்டு கடை விரிப்பான், அடுத்த வருஷம் தட்டி கட்டுவான், அதுக்கடுத்து கல்லும் மண்ணும் வெச்சு சுவரே எழுப்பிடுவான். இடிக்கச் சொல்லி சட்டம் வந்துச்சு, இடிச்சாங்களான்னா பெருசா இல்ல, ஏன்னா வாடகை வருது. கடைசியில பேரரசர் ஸீனோ (474–491) கான்ஸ்டான்டிநோபிள் பெரிய ரோட்டுல தூண் நடுவுல கடை வெச்சுக்கோ, ஆனா 6 அடி அகலம், 7 அடி உயரத்துக்கு மேல போகக்கூடாது, வெளிப்பக்கம் மார்பிள் ஒட்டி அழகா இருக்கணும்னு விதி போட்டுட்டார்.

ரோடு சுருங்கி சந்து ஆனதை பழைய ஆய்வாளர்கள் சீரழிவுன்னு எழுதினாங்க, வேற சிலர் இஸ்லாமிய ஆட்சி வந்துதான் நேர் ரோடு கோணல் கடைத்தெரு ஆச்சுன்னாங்க. தோண்டிப் பாத்தா அது அரபுப் படை வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு. துருக்கியில சார்டிஸ் ஊர்ல ஜிம்னாசியத்து (உடற்பயிற்சிக் கூடம்) தெற்குச் சுவரை ஒட்டி வரிசையா கடைங்க கிடைச்சிருக்கு, சாயக் கடை, கண்ணாடிக் கடை, பூட்டு சாமான் கடை, சாப்பாட்டுக் கடை, யூதக் கடைக்காரரும் கிறிஸ்தவக் கடைக்காரரும் அடுத்தடுத்து. 616 வாக்குல எரிஞ்சதால அப்படியே உள்ள சாமானோட மண்ணுல அமுங்கிப்போச்சு. ஜோர்தான்ல ஜெராஷ் ஊர் பந்தய மைதானத்துல குயவர் சூளை. துனீசியாவுல ஸ்பைட்லாவுல ரோட்டு மேலயே ஆலிவ் எண்ணெய்ச் செக்கு. பெரிய மனுஷங்க வீட்டு ஹால்ல குறுக்குச் சுவர் எழும்பி நாலஞ்சு குடும்பம் இருக்கு. பணக்காரனோட பெருமைக்குன்னு விட்டிருந்த இடத்துல இப்ப சின்ன ஆளுங்க பொழைப்பு நடத்தறாங்க. அழகு போச்சு, சரிதான். ஆனா இது ஜனமே இல்லாத ஊர்ல நடக்கற காரியம் இல்ல.

குளியல்கூடம்தான் ரோமானிய வாழ்க்கையோட உயிர், அங்கதான் ஜனங்க குளிச்சு, பேசி, சாப்ட்டு, வியாபாரம் முடிச்சு வருவாங்க. பெரிய கூடங்களுக்கு விறகும் தண்ணியும் அடங்காது. மேற்குல ஒண்ணொண்ணா அணைஞ்சுது, கிழக்குல சின்னச் சின்னதா புதுசு கட்டி தொடர்ந்தாங்க, அந்த வழியாதான் அரபு உலகத்து ஹம்மாம் வருது. கேளிக்கையிலயும் அப்படித்தான், கிளாடியேட்டர் சண்டை 5ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல மறைஞ்சிடுச்சு, ரோம் கொலோசியத்துல மிருக வேட்டை 523 வரைக்கும் நடந்துச்சு, தேர்ப்பந்தயம் மட்டும் இன்னும் பெருசா வளர்ந்துச்சு. நீலக் கட்சி, பச்சைக் கட்சின்னு ரசிகர் கூட்டம், ஜனங்க பேரரசரை நேர்ல பாத்து கத்தி குறை சொல்ற ஒரே இடம் பந்தய மைதானம். கவுன்சில் செத்த ஊர்ல ஜனக்குரல் அங்கதான் ஒதுங்குச்சு. 532 ஜனவரில ரெண்டு கட்சியும் சேர்ந்து "நிக்கா" (ஜெயி)ன்னு கத்திக்கிட்டு கான்ஸ்டான்டிநோபிளை பத்த வெச்சாங்க, பேரரசர் ஜஸ்டினியன் படை மைதானத்துக்குள்ள புகுந்து 30,000 பேரைக் கொன்னுச்சுன்னு அந்தக் கால வரலாற்று ஆசிரியர் புரோகோப்பியஸ் எழுதறார்.

ஜனங்க சந்தோஷமும் பதிவாகியிருக்கு. 498ல பேரரசர் அனஸ்டேசியஸ் வியாபாரிங்க, கைத்தொழில்காரங்க மேல இருந்த வரியை எடுத்துட்டார். இன்னைக்கு துருக்கியில இருக்கற எடெஸா ஊர் மட்டும் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை 140 பவுண்டு தங்கம் கட்டிட்டு இருந்த வரி அது. சேதி வந்ததும் ஊரே வெள்ளை உடுத்தி, மெழுகுவத்தி ஏத்தி, ஊர்வலமா போச்சு, ஒரு வாரம் கொண்டாட்டம். அதே எடெஸாவுல அடுத்த சில வருஷத்துலயே வெட்டுக்கிளி, பஞ்சம், கிராமத்து ஜனங்க வந்து தூண் வரிசைக்கு அடியில படுத்து குளிர்ல செத்தாங்க, குளியல்கூடத்தை ஒட்டின மண்டபத்துல வைக்கோலும் பாயும் போட்டு படுக்க இடம் குடுத்தாங்க. ஆளுநர், சர்ச், படைவீரர்கள் ஆளுக்கொரு பக்கமா கவனிச்சதா அந்த ஊர் வரலாற்றுல இருக்கு. கவுன்சில் பேச்சே பெருசா இல்ல.

மேற்குல ஒரு மாதிரி, கிழக்குல ஒரு மாதிரி

மேற்குல பேரரசு காசு நின்னதும் நகரமும் நின்னுச்சு. டான்யூப் கரையில இன்னைக்கு பாஸாவ்னு சொல்ற ஊர்ல ஒரு காவல் படை இருந்துச்சு, சம்பளம் வரலைன்னு சிலர் இத்தாலிக்கு வாங்கிட்டு வரக் கிளம்பினாங்க, எதிரிங்க அவங்களை வழியிலயே கொன்னுட்டாங்க, பிணம் ஆத்துல மிதந்து வந்தப்பதான் ஊருக்கே தெரிஞ்சுது. பிரிட்டன்ல 5ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல புது நாணயம் வர்றது நின்னுச்சு, ஒண்ணு ரெண்டு தலைமுறையில நகர வாழ்க்கையே காணோம், லண்டன்ல ரோமானிய அடுக்குக்கு மேல கன்னங்கரேல்னு மண்ணுதான் கிடைக்குது.

ரோம் நகரத்தோட கதையில ஒவ்வொரு கயிறா அறுபடறது தெளிவா தெரியும். உச்சத்துல பத்து லட்சம் ஜனம்னு மதிப்பிடறாங்க, 4ஆம் நூற்றாண்டுப் பட்டியல்ல சின்னக் குளியல்கூடம் மட்டும் 856, நூலகம் 28. இவ்ளோ பேருக்கும் சோறு வட ஆப்பிரிக்காவுல இருந்து, ரேஷன்ல ரொட்டி, எண்ணெய், பன்னிக்கறி. 408ல கோத்துங்கற ஜெர்மானியக் கூட்டத்தோட தலைவன் அலாரிக் முற்றுகை போட்டப்ப அவனுக்கு குடுத்த பணயத்துல 5,000 பவுண்டு தங்கத்தோட 3,000 பவுண்டு மிளகும் இருந்துச்சு, நம்ம மேற்குக் கரை மிளகு அவ்வளவு தூரத்துல கிடங்கு நிறைய இருந்திருக்கு. 410ல ஊரை சூறையாடினாங்க. ஆனா நிஜமான அடி 439ல, வாண்டல்கள்ங்கற இன்னொரு ஜெர்மானியக் கூட்டம் வட ஆப்பிரிக்கப் பெருநகரம் கார்த்தேஜைப் பிடிச்சதும் ஆப்பிரிக்கத் தானியம் இலவசமா வர்றது நின்னுச்சு, சோறு இல்லாத ஊர்ல ஜனம் எப்படி இருக்கும்? 458ல பேரரசர் மஜோரியன், பழைய கட்டடத்தை கல்லுக்காக இடிக்காதீங்க, அனுமதி குடுக்கற அதிகாரிக்கு 50 பவுண்டு தங்கம் அபராதம்னு சட்டம் போடறார், அப்ப எவ்ளோ இடிச்சிருப்பாங்க பாருங்க. 537ல கோத்துகள் முற்றுகையில நீர்க்கால்வாய்களை அறுத்துட்டாங்க, தண்ணியில ஓடற மாவு மில் நின்னுச்சு, ஜஸ்டினியனோட தளபதி பெலிசாரியஸ் டைபர் ஆத்துல படகு நிறுத்தி அதுல மில் ஓட்டினார், பெரிய குளியல்கூடங்களோட கதை அதோட முடிஞ்சுது. 546ல கோத்து மன்னர் டோட்டிலா ஊரைப் பிடிச்சு மிச்சம் இருந்தவங்களை வெளியேத்தினார், நாப்பது நாள் ரோம்ல ஆளே இல்லைன்னு ஒரு குறிப்பு சொல்லுது. அப்புறம் வந்த சில பத்தாயிரம் ஜனத்துக்கு, 590க்கு அப்புறம் போப் கிரிகோரி சர்ச்சோட சிசிலி நிலத்துல விளைஞ்ச தானியத்தை லிஸ்ட் போட்டு பங்கிட்டார். பேரரசர் பண்ண வேலையை போப் பண்றார்.

கிழக்கு இன்னும் ஒரு நூத்தம்பது வருஷம் நல்லாவே இருந்துச்சு, 5, 6ஆம் நூற்றாண்டுல சிரியா, பாலஸ்தீன ஊர்கள் பல முன்னாடியை விட ஜனம் பெருத்துச்சு. அப்புறம் அடி மேல அடி. 526ல அந்தியோகியாவுல பூகம்பம், 540ல பாரசீக மன்னர் குஸ்ரோ அதே ஊரைப் பிடிச்சு ஜனங்களை கூட்டிட்டுப் போய் தன் தலைநகர் பக்கத்துல அவங்களுக்குன்னு குளியல்கூடம், பந்தய மைதானத்தோட புது ஊரே கட்டினார். 541ல எகிப்து துறைமுகம் பெலூசியத்துல ஆரம்பிச்ச கொள்ளைநோய் 542ல கான்ஸ்டான்டிநோபிளுக்கு வந்து ஒரு நாளைக்கு 5,000, 10,000னு ஆளைக் கொண்டுபோச்சுன்னு புரோகோப்பியஸ். 7ஆம் நூற்றாண்டுல பாரசீகம் எகிப்தைப் பிடிச்ச நேரத்துலதான் கான்ஸ்டான்டிநோபிள் ரேஷன் ரொட்டியும் நின்னுச்சு. எபேசு, சார்டிஸ் மாதிரி ஊர்கள் மேட்டு மேல ஒரு கோட்டைக்குள்ள ஒடுங்கிடுச்சு. ஆனா அரபு ஆட்சிக்குப் போன ஊர்ல வேற மாதிரி, இன்னைக்கு இஸ்ரேல்ல இருக்கற பெய்த் ஷான்ல கலீஃபா ஹிஷாம் (724–743) காலத்துல தூண் ரோட்டை ஒட்டி புதுசா சந்தையே கட்டினாங்க, அரபு எழுத்து மொசைக்கோட. 749 பூகம்பத்துல அது விழுந்துச்சு.

இவ்ளோ விஷயம் ஏன் இத்தனை நாள் வெளியில வரலைன்னா, 19ஆம் நூற்றாண்டுலயும் 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துலயும் தோண்டினவங்களுக்கு வேண்டியது 2ஆம் நூற்றாண்டு மார்பிள்தான். அல்ஜீரியாவுல டிம்காட்ல, இன்னும் எத்தனையோ ஊர்ல, தூண் நடுவுல எழுப்பின மண் சுவர், ஹால்ல போட்ட குறுக்குச் சுவர், ரோட்டு மேல வெச்ச சூளை எல்லாத்தையும் குப்பைன்னு வாரிப்போட்டுட்டு, சரியா ஒரு குறிப்பு கூட எழுதாம பெரிய ரோட்டை சுத்தம் பண்ணி தூணை நிமித்தி வெச்சாங்க. பிரான்ஸ்ல ஆர்ல் ஊர் ஆம்ஃபிதியேட்டருக்குள்ள இரநூறுக்கும் மேல வீடு, ரெண்டு சின்ன சர்ச்சோட ஒரு ஊரே பல நூற்றாண்டா குடியிருந்துச்சு, 1820கள்ல அதை காலி பண்ணி இடிச்சுட்டாங்க. குரோஷியாவுல ஸ்ப்ளிட் மட்டும் தப்பிச்சுது. பக்கத்துல இருந்த ஸலோனா நகரம் அழிஞ்சப்ப ஓடி வந்த ஜனங்க டயோக்ளீஷியனோட அரண்மனைக்குள்ள குடியேறினாங்க, கிறிஸ்தவங்களை வேட்டையாடின அந்தப் பேரரசரோட சமாதி மண்டபம் கதீட்ரல் ஆச்சு, அரண்மனைத் தாழ்வாரத்துல இன்னைக்கும் வீடு இருக்கு, கடை இருக்கு, துணி காயுது.